விழுந்த துண்டும் விழுங்கிய தகவலும்: மறுநுழைவு அறிவிப்புச் சேவைகள் ஒரு மதிப்பீடு

2024 டிசம்பர் 30 அன்று பிற்பகல் 3 மணி வாக்கில் கென்யாவின் மக்குவேனி கவுண்ட்டியில், முக்குக்கு என்ற கிராமத்தில் ஓர் உலோக வளையம் வந்து விழுந்தது. விட்டம் 2.5 மீட்டர், எடை ஏறக்குறைய 500 கிலோ. அதே நாள் இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களைச் சுமந்து கிளம்பியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? வளையம் இந்திய ராக்கெட்டினுடையது, கென்யா இழப்பீடு கேட்டுவிட்டது என்று செய்தி பரவி, கடைசியில் கென்ய விண்வெளி முகமையே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

அந்த மறுப்புக்குக் காத்திருக்கவே தேவையில்லை. கென்யாவின் பிற்பகல் 3 மணி நமக்கு மாலை 5.30. பி.எஸ்.எல்.வி. கிளம்பியது இரவு 10 மணிக்கு. நாலரை மணி நேரம் கழித்துக் கிளம்பப்போகிற ராக்கெட் முன்கூட்டியே துண்டு போடாது. கடிகாரம் ஒன்று போதும், கதை முடிந்தது. ஆனால் இந்தக் கணக்கைப் போட விழுந்த நேரமும் கிளம்பிய நேரமும் ஒருவர் கையில் ஒன்றாக இருக்க வேண்டும். விண்குப்பை விஷயத்தில் அதிகார அலுவலகங்கள் மக்களுக்குக் கொடுக்கத் தயங்குவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன எண்களைத்தான். பெரிய ராணுவ ரகசியம் எதுவும் அதில் இருக்காது. எண் வராத இடத்தில் வதந்தி உட்கார்ந்துகொள்ளும்.

விண்ணில் சுற்றும் பொருள் மறுபடி வளிமண்டலத்துக்குள் இறங்குவதுதான் மறுநுழைவு. ஆகவே இந்த மதிப்பீடு, அந்த எண்களைத் தருவதாகச் சொல்லும் சேவைகளைப் பற்றியது. விழுவதற்கு முன் கணிப்பு சொல்பவர்கள் ஒரு பக்கம். விழுந்த பிறகு வந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னொரு பக்கம். எல்லாமே பணம் கட்டாமல் கிடைப்பவை. அதனால் விலையைப் பற்றிப் பேச்சில்லை, நம்பகத்தைப் பற்றித்தான்.

முதலில் ஸ்பேஸ்-ட்ராக். அமெரிக்க விண்வெளிப் படையின் கண்காணிப்புத் தரவு பொதுமக்களுக்கு வரும் வாசல் இதுதான். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு திறக்க வேண்டும். அதோடு ஒரு பயனர் ஒப்பந்தத்துக்கும் சரி சொல்ல வேண்டும். தரவை முன் அனுமதி இல்லாமல் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. வாசலிலேயே பூட்டைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனதும் பார்க்க வேண்டியது டிப் என்று அழைக்கப்படும் செய்தி. பெரிய பொருள் ஒன்று விழப் போகிறது என்றால் சில நாள் முன்பிருந்தே இது வரத் தொடங்கும், நேரம் நெருங்க நெருங்கப் புதுப்பிப்பு அடிக்கடி வரும்.

ஒரு டிப் வரிசையை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். முதலில் பொருளின் அட்டவணை எண். உதாரணமாக 2025-இல் விழுந்த காஸ்மோஸ் 482 கலத்துக்கு 6073. அடுத்து, செய்தி எழுதப்பட்ட நேரம். அதற்கடுத்து டீகே ஈபாக், அதாவது விழும் என்று கணித்த நேரம். எல்லாம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு விண்டோ: இதுதான் பிழையெல்லை, நிமிடக் கணக்கில். கடைசியில் அட்சரேகை, தீர்க்கரேகை, அடுத்த செய்தி எத்தனை மணி நேரத்தில் வரும் என்ற குறிப்பு, ‘அதிக கவனத்துக்குரியது’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை. கவனத்துக்குரியது என்று போட்டிருந்தாலும் ஏன் என்ற காரணம் வரிசையில் இருக்காது.

செய்தியாளர்கள் வழுக்கி விழுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோவை விட்டுவிடுவார்கள். கணிப்பில் பிழை என்பது மிச்சமிருக்கும் நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. விழுவதற்குப் பத்து மணி நேரம் இருக்கும்போது சொல்லும் கணிப்பு இரண்டு மணி நேரம் முன்னே பின்னே போகலாம். தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு சுற்றுக்கு 90 நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆகும். அந்த நாலு மணி நேர இடைவெளிக்குள் பொருள் பூமியை இரண்டரைத் தடவைக்கு மேல் சுற்றிவிடும். தரையின் மேல் அதன் நிழல் நிமிடத்துக்கு 450 கிலோமீட்டர் ஓடும். ஒரு நிமிடம் தப்பினால் சென்னைக்குப் பதில் மதுரை. ஒரு மணி நேரத்துக்கு முன் சொன்ன கணிப்பில்கூட 12 நிமிடம், அதாவது 5,000 கிலோமீட்டருக்கு மேல், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிப் போகலாம்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, இயற்பியல்தான். சூரியன் சீறினால் மேல் வளிமண்டலம் வீங்கும், இழுவை கூடும், பொருள் சீக்கிரம் இறங்கும். பொருள் உருண்டுகொண்டு வருகிறதா, மூக்கை முன்னால் நீட்டி வருகிறதா என்பதைப் பொறுத்தும் இழுவை மாறும். இவ்வளவையும் சொல்லாமல் ஓர் இடத்தின் பெயரை மட்டும் சொன்னால், ஆறு மணி நேரம் கழித்து வேறு இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டி வரும். கேட்பவருக்கு அது மாற்றிப் பேசுவதாகத் தெரியும். தெரியத்தான் செய்யும்.

ஸ்பேஸ்-ட்ராக்கில் நிஜமான மர்மம் கடைசிச் செய்தியில் இருக்கிறது. சில பொருள்கள் விழுந்து முடிந்தபின் வரும் டிப்பில் விண்டோ ஒரே ஒரு நிமிடம் என்று வரும். மேலே சொன்ன ஐந்தில் ஒரு பங்கு விதிப்படி அப்படி வரவே முடியாது. யாரோ நேரில் பார்த்திருந்தால்தான் வரும். ஏவுகணைகளின் வெப்பத்தைத் தேடும் அமெரிக்க அகச்சிவப்புச் செயற்கைக்கோள்கள் அந்தத் தீப்பிழம்பைப் பார்த்திருக்க வேண்டும் என்பது சுயேச்சைக் கண்காணிப்பாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் விளக்கம். செய்தியில் அப்படி ஒரு வரியும் கிடையாது. விடை கொடுக்கிறார்கள், வழியைக் காட்டுவதில்லை. ராணுவக் கருவி என்பதால் அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனாலும் ‘கண்ணால் கண்டது’, ‘கணக்கில் வந்தது’ என்று இரண்டு குறியீடு வைப்பதால் எந்த ரகசியமும் கசிந்துவிடாது. தரவுக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம். விளக்கத்துக்கு நாலுக்கு மேல் மனசு வரவில்லை.

அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷனின் மறுநுழைவுப் பக்கம் சாதாரண வாசகருக்கு இதைவிடத் தோது. கணக்கு திறக்க வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உலக வரைபடம். கணித்த நேரத்தின் நட்டநடுவில் பொருள் எங்கே இருக்கும் என்பதற்கு மஞ்சள் சின்னம். அதற்கு முந்தைய பாதை நீலக் கோடு, பிந்தைய பாதை மஞ்சள் கோடு. கோட்டின் மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறி. நீலமோ மஞ்சளோ, கோட்டில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் விழலாம் என்பதுதான் படத்தின் பொருள். மஞ்சள் சின்னத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர்பவர்கள்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். படத்தைச் சரியாகப் படிக்கும் முறை தலைகீழானது: உங்கள் ஊர் எந்தக் கோட்டுக்குக் கீழும் வரவில்லையா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பொருளைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை. பழைய மறுநுழைவுகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. வானத்தில் எதையாவது பார்த்தால் எழுதி அனுப்பப் படிவமும் உண்டு. எட்டரை.

ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் கூட்டமைப்பும் பெரிய பொருள் வரும்போது நன்றாக வேலை செய்கின்றன, மற்ற நாளில் கொஞ்சம் வறட்சி. அவற்றின் தனிச் சிறப்பு ஒன்று உண்டு: பார்த்ததைப் பார்த்தோம் என்றும் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் எழுதுவார்கள். 2025 மே 10 நல்ல உதாரணம். வெள்ளிக் கிரகத்துக்கென்று சோவியத் ஒன்றியம் 1972 மார்ச் 31 அன்று ஏவி, பூமியைத் தாண்டாமல் மாட்டிக்கொண்ட காஸ்மோஸ் 482-இன் இறங்குகலம் 53 ஆண்டு சுற்றிவிட்டு அன்றைக்கு விழுந்தது. யு.டி.சி. 6.04-க்கு ஜெர்மனிக்கு மேலே ரேடாரில் கண்டதையும், அடுத்த சுற்றில் 7.32-க்கு வர வேண்டியது வரவில்லை என்பதையும் ஐரோப்பிய முகமை வெளியிட்டது. ரஷ்ய விண்வெளி முகமையான ராஸ்காஸ்மாஸோ 6.24-க்கு, மத்திய அந்தமான் தீவுக்கு 560 கிலோமீட்டர் மேற்கே என்று அறிவித்தது. சென்னையிலிருந்து கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர். அதே வாக்கியத்தில் ஜகார்த்தாவுக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலில் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். வரைபடத்தை விரித்தால் அந்த இடம் வங்கக் கடல்.

ராஸ்காஸ்மாஸின் எண்ணை நம்பலாமா? ஐரோப்பாவின் எண் இருப்பதால் சோதித்துப் பார்க்க முடிகிறது. நிலநடுக்கோட்டுக்கு 52 பாகை சாய்ந்த அந்தப் பாதையில் ஜெர்மனியைத் தாண்டி வங்கக் கடலுக்கு வர 18 முதல் 20 நிமிடம் ஆகும். 6.04-உடன் 20 நிமிடம் கூட்டினால் 6.24. ஒத்துப்போகிறது. ஒரே ஓர் அலுவலகம் பேசியிருந்தால் இந்தச் சோதனைக்கு வழி இருந்திருக்காது. ஜகார்த்தா என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்துக் கதை கிளம்பியிருக்கும். இதே காஸ்மோஸ் 482-இலிருந்து 1972 ஏப்ரலில் நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டன் அருகே வயல்களில் டைட்டானியக் கோளங்கள் விழுந்தபோது, அவை தங்களுடையவை அல்ல என்று சோவியத் ஒன்றியம் கையை விரித்தது. உரிமை கோர ஆளில்லாததால் கோளங்கள் நிலத்துக்காரர்களுக்கே சொந்தமாயின. அவர்களுக்கு லாபம்தான்.

சீனாவின் லாங் மார்ச் 5-பி ராக்கெட் வரிசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 டன்னுக்கு மேல் எடையுள்ள மைய நிலை, கட்டுப்பாடில்லாமல் இறங்கியது 2020, 2021, 2022 ஆண்டுகளில் மொத்தம் நான்கு முறை. 2021 மே 9 அன்று விழுந்தபின் சீன மனித விண்பயண முகமை கிழக்கு தீர்க்கரேகை 72.47, வட அட்சரேகை 2.65 என்று தசமத்தோடு அறிவித்தது, மாலத்தீவுக்கு அருகே. முந்தைய நாள்களில் வெளியுறவு அமைச்சகம் சொன்னது ஆபத்து மிகமிகக் குறைவு என்பதைத்தான். 2022 ஜூலையில் பாதை விவரத்தைப் பகிரவில்லை என்று நாசாவின் அப்போதைய தலைவர் பில் நெல்சன் குறை சொன்னார். விழுந்த பிறகு இரண்டு தசமத் துல்லியம், விழும் முன் வெறும் ஆறுதல்: இந்தச் சேவைக்கு மூன்றுக்கு மேல் தர இயலாது. அதே 2022 நவம்பரில் இன்னொன்று வந்தபோது ஸ்பெயின் தன் வான்வெளியின் ஒரு பகுதியைச் சிறிது நேரம் மூடியது. அடுத்தவர் கணக்கை வைத்துக்கொண்டு மூட வேண்டிய நிலை.

இதுவரை சொன்ன எல்லாச் சேவைகளிலும் ஒரே மாதிரி ஓட்டை ஒன்று இருக்கிறது: உளவுச் செயற்கைக்கோள்கள். ஸ்பேஸ்-ட்ராக் அட்டவணையில் பெயர் இருக்கும், சுற்றுப்பாதை எண்கள் இருக்காது. யு.எஸ்.ஏ.-193 அப்படிப்பட்ட ஒன்று. 2006 டிசம்பர் 14-இல் ஏவி, உடனே கட்டுப்பாட்டை இழந்தது. 2008 பிப்ரவரி 14 அன்று, அதைச் சுட்டு வீழ்த்தப் போகிறோம், உள்ளே ஏறக்குறைய 450 கிலோ ஹைட்ரஸீன் எரிபொருள் உறைந்து கிடக்கிறது, தொட்டி தரைக்கு வந்தால் ஆபத்து என்று பென்டகன் அறிவித்தது. ஒரு வாரத்தில் யு.எஸ்.எஸ். லேக் எரீ கப்பலிலிருந்து எஸ்.எம்.-3 ஏவுகணை அதை 247 கிலோமீட்டர் உயரத்தில் அடித்தது. ஹைட்ரஸீன் நிஜமாகவே நஞ்சு. ஆனால் சீனா 2007 ஜனவரியில் தன் செயற்கைக்கோள் ஒன்றைச் சுட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. உள்ளே இருந்த கருவி என்ன, தொட்டி எப்படிப் பிழைக்கும் என்ற கணக்கு என்ன என்பதெல்லாம் மூடியே இருந்தன. சீனாவுக்குப் பதில் சொல்லத்தான் சுட்டார்கள், ரகசியக் கருவி அடுத்தவன் கையில் சிக்காமலிருக்கத்தான் சுட்டார்கள் என்ற பேச்சு இன்றும் அடங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதன் சுற்றுப்பாதை ரகசியமாகவே இல்லை. பொழுதுபோக்குக் கண்காணிப்பாளர்கள் தொலைநோக்கியும் நிறுத்தக் கடிகாரமும் வைத்துக் கணித்து வெளியிட்டிருந்தார்கள். மறைத்து மிச்சம் பிடித்தது சந்தேகத்தை மட்டும்தான்.

காஸ்மோஸ் 954 இதைவிட மோசம். அணு உலை சுமந்த அந்தச் சோவியத் செயற்கைக்கோள் இறங்குவதை அமெரிக்க அரசு முன்பே கவனித்திருந்தது. 1978 ஜனவரி 12-இல் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி சோவியத் தூதர் டோப்ரினினிடம் விசாரித்தார். பொதுமக்களுக்குத் தெரிந்தது ஜனவரி 24 அன்று அது கனடாவின் வடமேற்கில் சிதறிய பிறகு. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1,24,000 சதுர கிலோமீட்டரைச் சலித்து எடுத்தது ஏறக்குறைய 65 கிலோ. கனடா கேட்ட தொகை 60 லட்சம் கனடிய டாலருக்குச் சற்று மேல். 1981-இல் ஒப்புக்கொண்டு வந்தது 30 லட்சம்.

இனி விழுந்த பிறகான சேவை. இங்கேதான் பெயர் கெடுகிறது, சில நேரம் பெயர் கிடைக்கவும் செய்கிறது. ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் செய்ததைப் பாடமாக வைக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் இரண்டு மீட்டர் உயர உருளை ஒன்று ஒதுங்கியது. உடனே 2014-இல் காணாமல் போன மலேசியாவின் எம்.எச். 370 விமானம் என்று பேச்சு. காவல்துறை சுற்றி வளைத்தது, ரசாயனச் சோதனை நடந்தது, ஆபத்தில்லை என்ற முடிவு வெளியே சொல்லப்பட்டது. வெளிநாட்டு ராக்கெட்டாக இருக்கலாம், பிற நாடுகளிடம் கேட்டிருக்கிறோம் என்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை படத்தோடு முதல் சில நாளிலேயே எழுதியது. ஜூலை 31-இல், பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் நிலையாக இருக்க மிக வாய்ப்புண்டு என்று அறிவித்தது, இஸ்ரோவும் ஒப்புக்கொண்டது. இரண்டு வாரம் ஆனது. ஆனால் அந்த இரண்டு வாரமும் ‘இதுவரை தெரிந்தது இவ்வளவு’ என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது.

நாசாவின் 2024 ஃப்ளோரிடா விவகாரம் ஆறரை. விண்வெளி நிலையத்தின் பழைய பேட்டரிகளோடு 2021-இல் கழற்றிவிட்ட 2,630 கிலோ பலகை எரிந்து தீங்கின்றி மறைந்துவிடும் என்று முதலில் எழுதினார்கள். 2024 மார்ச் 8 அன்று அதில் ஒரு துண்டு, 700 கிராம், பத்து சென்டிமீட்டர் நீளம், நேப்பிள்ஸ் நகரில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்து இரண்டு மாடி இறங்கியது. விண்வெளிப் படையின் பதிவு 2.29 என்றது, வீட்டுக் கேமராவில் சத்தம் 2.34-க்குப் பதிவாகியிருந்தது. துண்டை வாங்கிச் சோதித்து, ஏப்ரல் 15-இல் தங்களுடையதுதான் என்று நாசா ஒப்புக்கொண்டது. இன்கோனெல் என்ற நிக்கல் கலவை அது. உருக 1,250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அலுமினியத்துக்கு 660 போதும், டைட்டானியத்துக்கு 1,668 வேண்டும். உலகெங்கும் வயலில் கிடைப்பவை ஏன் பெரும்பாலும் உருண்டைத் தொட்டிகளாகவே இருக்கின்றன என்பதற்கும் விடை இதே. ‘எரிந்துவிடும்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘பெரும்பகுதி எரியும், எடையில் 10 முதல் 40 விழுக்காடு வரை தரைக்கு வரலாம்’ என்று எழுதும் பழக்கம் வந்தாலே பாதிச் சண்டை இருக்காது.

ஆறாத புண் கெக்ஸ்பர்க். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1965 டிசம்பர் 9 மாலை 4.45 வாக்கில் பெரிய தீப்பந்து ஒன்று கனடாவிலிருந்து தெற்கே பல மாநிலங்களில் தெரிந்தது. கெக்ஸ்பர்க் காட்டில் ஏதோ விழுந்தது என்று ஊரார் போனார்கள். ராணுவம் வந்து வழியை மறித்தது. ஓக் மரக் கொட்டை வடிவில், கார் அளவில் ஒன்றை லாரியில் ஏற்றிப் போனதாகச் சிலர் சொன்னார்கள். தேடினோம், ஒன்றும் இல்லை, விண்கல் என்றது விமானப்படை. 1967-இல் கனடிய வானியல் இதழில் வந்த கட்டுரை, படங்களை வைத்துக் கணக்கிட்டு, தீப்பந்தின் பாதை கெக்ஸ்பர்க்குக்கு வெகு தொலைவில், எரீ ஏரியின் மேற்கு முனைப் பக்கமே முடிந்தது என்று காட்டியது. விஷயம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும்.

தீர விடவில்லை. அதே நாளில் காஸ்மோஸ் 96 என்ற சோவியத் கலமும் விழுந்திருந்ததால் அதுதான் இது என்றொரு கட்சி கிளம்பியது. அமெரிக்கப் பதிவுப்படி அது விழுந்தது அதிகாலை 3.18-க்கு, கனடாவின் மேல். மாலைத் தீப்பந்துக்கு 13 மணி நேரம் முன்பு. நாசாவின் விண்குப்பைப் பிரிவுத் தலைவராக இருந்த நிக்கலஸ் ஜான்சனும் பாதை பொருந்தாது என்றார். இவ்வளவுக்கும் பிறகு 2005 டிசம்பரில் நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஒருவர், நிபுணர்கள் துண்டுகளைப் பார்த்தார்கள், ரஷ்யச் செயற்கைக்கோள்தான், ஆவணங்கள் 1990-களில் தொலைந்துவிட்டன என்றார். நாற்பது ஆண்டாக ‘ஒன்றும் கிடைக்கவில்லை’. திடீரென்று ‘துண்டுகளைப் பார்த்தோம்’. அதற்குள் லெஸ்லி கீன் என்ற பத்திரிகையாளர் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் 2003-இல் வழக்குத் தொடுத்திருந்தார். 2007-இல் நீதிமன்றத்தில் நாசா மறுபடி தேட ஒப்புக்கொண்டது. 2009-இல் தேடல் முடிந்தபோது கையில் தெளிவாக எதுவும் இல்லை, சில பெட்டிகளைக் காணோம். வானத்திலிருந்து விழுந்தது விண்கல்லாகவே இருக்கலாம். எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் மூன்று அலுவலகம் மூன்று கதை சொன்ன பிறகு எண்ணைக் காட்டி யாரை நம்ப வைப்பது? இன்றைக்கு அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பத்தின் மேல் கொட்டை வடிவ மாதிரி நிற்கிறது, ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. மதிப்பெண் போட மனமில்லை.

வாயைத் திறக்காததுபோலவே அவசரமாகத் திறப்பதும் கெடுக்கும். 2016 பிப்ரவரி 6-இல் அன்றைய வேலூர் மாவட்டம் நாட்டறம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒருவர் இறந்தார். விண்கல் என்று அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்புக்கே பொருந்துகிறது என்றது நாசா. இதற்கு மூன்று மாதம் முன்புதான், இலங்கையின் தென்கரைக்கு 100 கிலோமீட்டர் அப்பால் டபிள்யு.டி. 1190-எஃப் என்ற விண்குப்பைத் துண்டு விழுந்தது. 2015 அக்டோபர் 3-இல் கண்டுபிடித்து, நவம்பர் 13 பகல் 11.48 என்று நிமிடத்தோடு முன்னதாகவே அறிவித்தார்கள். மீனவர்களையும் விமானங்களையும் விலகச் சொன்னார்கள். விமானத்திலிருந்து ஆராய்ச்சியாளர்கள் படம் பிடித்தார்கள். நிலாத் தொலைவு வரை போய் வரும் நீண்ட பாதை என்பதால் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது என்பது உண்மை. ஆனாலும் வதந்தி முளைக்க மண்ணே கிடைக்கவில்லை.

போலந்தில் 2025 பிப்ரவரி 19-இல் ஸ்பேஸ்-எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9 ராக்கெட் மேல்நிலையின் தொட்டி போஸ்னான் அருகே விழுந்தபோது நடந்தது இன்னொரு ரகம். எச்சரிக்கை அனுப்பினோம் என்றது விண்வெளி முகமை, சரியான முகவரிக்கு வரவில்லை என்றது அமைச்சகம். முகமைத் தலைவர் பதவி இழந்தார். மின்னஞ்சல் பட்டியலை ஆறு மாதத்துக்கொரு முறை சோதித்துப் பார்க்காத எந்தக் கண்காணிப்புச் சேவையும் இப்படித்தான் கவிழும்.

கடைசியாக, துண்டு உங்கள் ஊரிலேயே விழுந்தால். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் மூன்று மீட்டர் வளையம் விழுந்தது போல. சீன லாங் மார்ச் 3-பி ராக்கெட்டின் நிலை என்று கணிக்கப்பட்ட அதை ஊரார் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள்.

தொடாதீர்கள். ஹைட்ரஸீன் மிச்சமிருந்தால் அமோனியா அல்லது மீன் வாடை வரும். வாடை தெரிகிற தூரமே அதிகம், காற்று வரும் திசைக்குப் போய் நில்லுங்கள். கரிநார் சுற்றிய தொட்டிகளில் உடைந்த நார் ஊசிபோல் தோலில் ஏறும். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் அல்லது செங்கல் ஒன்றை வையுங்கள். பற்றவைப்புத் தழும்பு, போல்ட் துளைகளின் எண்ணிக்கை, பொறித்த எண்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் வேண்டும். கண்டெடுத்த நேரத்தையும் சத்தம் கேட்ட நேரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் டிப் செய்தியோடு ஒப்பிட முடியாது. எடுத்துப் போக வருபவர் யாராக இருந்தாலும் அளவு, எடை, தேதி எழுதிய ரசீது கேளுங்கள். 1968 மீட்பு உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு, கண்டெடுத்த நாடு ஏவிய நாட்டுக்கும் ஐ.நா. பொதுச்செயலாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே ‘தெரிவித்தீர்களா, எந்தத் தேதியில்’ என்று கேட்பதில் தவறே இல்லை.

பதில் வராவிட்டால் விண்வெளித் துறைக்குத் தகவல் உரிமை மனு, கட்டணம் 10 ரூபாய், 30 நாள். இஸ்ரோ அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விலக்குப் பட்டியலில் இல்லை. பாதுகாப்பு, அறிவியல் நலன் என்று பிரிவு 8(1)-ஐக் காட்டி மறுக்கலாம், அவ்வளவே. ‘ஏன் மறைக்கிறீர்கள்’ என்று எழுதினால் அது தகவல் கேள்வி அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ‘இன்ன தேதியில் இன்ன காவல் நிலையத்திலிருந்து பெற்ற பொருளின் ஆய்வறிக்கை நகல், பெற்ற ரசீது நகல், வெளிநாட்டுக்கு அனுப்பிய கடித நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள் உண்டு. காவல் நிலைய ரசீதின் நகல் ஒன்றை ஊராட்சி அலுவலகக் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள்.